கழுத்தின் கருப்பும் தள்ளிப்போன தேதியும்

இருபது வயதுப் பெண்ணின் பிடரியில் படிந்த கருப்பு, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. பயத்தமாவு, எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் பார்த்தாயிற்று. வெயில் என்கிறார் ஒருவர். கவரிங் செயின் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் இன்னொருவர். ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று அம்மா கடிந்துகொள்கிறார். உண்மையில் அங்கே அழுக்கு எதுவும் இல்லை. இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுற்றும்போது அது தோல் செல்களைத் தூண்டிப் பெருகவைக்கிறது. பெருகிய செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து தோல் தடித்துக் கருக்கிறது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மடிப்புகளில் இது முதலில் தெரியும். உள்ளே கணையம் படும் பாட்டைத் தோல் வெளியே காட்டிவிடுகிறது.

அதே பெண்ணிடம் கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் யோசித்துத்தான் பதில் வரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீள்கிறது தோல் தொழில் பகுதி. விடிந்தும் விடியாத நேரத்திலேயே கம்பெனி பஸ்களும் வேன்களும் சுற்றுவட்டார ஊர்களுக்குள் நுழைந்து ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன. ஷூ கம்பெனிகளில் அப்பர் எனும் மேல்பகுதியைத் தைப்பது, ஓரம் மடிப்பது, பசை தடவுவது போன்ற வேலைகளில் பெண்களே பெரும்பான்மை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு சேர்ந்தவர்கள் பலர். அந்தப் பஸ்ஸில் இப்படியொரு பேச்சு சகஜம்.

"இன்னாடி, இந்த மாசமும் ஆகலையா?"

"மூணு மாசமாச்சுக்கா."

"வேலை சூடுதான். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

அன்போடு சொல்லப்படும் இந்த ஆறுதல், அந்தப் பெண்ணின் வாழ்வில் ஐந்தாறு வருடங்களைத் தின்றுவிடுகிறது. கல்யாணம் முடிந்து, குழந்தை தள்ளிப்போய், மாமியார் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுக்கிறார்கள். "நீர்க்கட்டி இருக்காம்" என்று ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறாள். பிசிஓடி என்றும் பிசிஓஎஸ் என்றும் சொல்லப்படும் இந்தக் கோளாறு குழந்தைப்பேற்றின் பிரச்சினை என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றிவிட்டது. கழுத்து கருத்த நாளிலேயே உடல் முழுவதும் தொடங்கிவிட்ட கதையின் ஒரு அத்தியாயம் மட்டுமே குழந்தை.

சினையகத்துக்குள் நடப்பது என்ன? ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய சினையகங்களில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிச்சமிருக்கும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியேறுபவை நானூறோ ஐந்நூறோதான். ஒவ்வொரு சுழற்சியிலும் சில முட்டைப் பைகள் சேர்ந்து வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை விடும். மற்றவை சுருங்கிவிடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எந்தப் பையும் முந்துவதில்லை. ஷூ கம்பெனி லைனில் அப்பர் தைத்து முடித்த ஜோடிகள் அடுத்த பகுதிக்குப் போகாமல் நடுவில் குவிந்துவிடுவதுபோல, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே பைகள் தேங்கி நிற்கின்றன. ஸ்கேனில் கரும்புள்ளிகளாகத் தெரிபவை இவைதாம். வெட்டி எடுக்கவேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை காத்திருக்கிறது.

ஏன் தேங்குகின்றன? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முட்டைப் பையின் வெளிச்சுவர் எல்எச்சின் சொல் கேட்டு ஆண்ட்ரோஜன்களை, அதாவது டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்களைச் செய்கிறது. உட்சுவர் எஃப்எஸ்எச் துணையோடு அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் பொருளிலிருந்துதான் ஒவ்வொரு பெண்ணின் உடலும் தன் பெண் ஹார்மோனைத் தயாரிக்கிறது. பிசிஓஎஸ்ஸில் எல்எச் கூடிவிடுகிறது, இன்சுலினும் கூடிவிடுகிறது. இரண்டும் வெளிச்சுவரை முடுக்க, ஆண்ட்ரோஜன் மிகுந்து பைகளின் வளர்ச்சி நின்றுபோகிறது. முட்டை வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. மூளையின் துடிப்பைத் தணித்து எல்எச்சை அடக்குவது அந்தப் புரோஜெஸ்டிரோன்தான். அது இல்லாமல் எல்எச் மேலும் ஏறுகிறது. ஒருமுறை சிக்கிய வட்டம் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்குத் தீராத வியப்பு இன்சுலினின் நடத்தைதான். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுப்பதால் கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது. ஆனால் சினையகம் மறுப்பதில்லை. தசைக்காகச் சுரந்த அந்த மிகை இன்சுலின் முழுவதையும் சினையகம் கேட்டு நடக்கிறது. போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துச் சுரக்கவும் இதே இன்சுலின் காரணமாகிறது. கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் மேலுதட்டிலும் தாடையிலும் முடியாக, முகப்பருவாக, உச்சந்தலையில் வகிடு அகலுவதாகத் தலைகாட்டுகிறது. துப்பட்டாவாலும் முகக்கவசத்தாலும் தாடையை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது தன் குற்றமில்லை என்று தெரியவேண்டும்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் சினையகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. 1721-இல் இத்தாலிய மருத்துவர் அன்டோனியோ வல்லிஸ்னேரி, குழந்தையில்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் பெருத்து வெளுத்த சினையகங்களைப் பற்றி எழுதிவைத்தார். 1935-இல் சிகாகோவின் இர்விங் ஸ்டீன், மைக்கேல் லெவன்தால் இருவரும் ஏழு பெண்களை விவரித்தார்கள். சினையகத்தில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். கத்தியால் தீர்ந்ததால் குற்றவாளி சினையகமே என்று முடிவாயிற்று. 1980-இல் தான் இந்தப் பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் மிகுந்திருப்பது ஆய்வில் வெளிப்பட்டது. அதன்பிறகே சினையகத்தைத் தாண்டி உடம்பு முழுவதையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் வேலூருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறப்பு எடையும் நீளமும் கவனமாகப் பதிவு செய்யப்பட்டன. வேலூர் பிறப்புக் குழு என்று உலக ஆய்வாளர்கள் இன்றும் குறிப்பிடுவது அவர்களைத்தான். குழந்தைகள் வளர்ந்து முப்பதை நெருங்கியபோது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் அவர்களில் 2,218 பேரைத் தேடிப்பிடித்து குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். சராசரி வயது 28 தான். அந்த வயதிலேயே, நகரத்தில் மட்டுமல்லாமல் கிராமத்திலும், கணிசமானவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. சிறு வயதில் மெலிந்திருந்து பிறகு வேகமாக எடை கூடியவர்களிடம் இது அதிகம். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட ஏறக்குறைய 800 கிராம் குறைவாகப் பிறந்தாலும், உடற்கொழுப்பில் அந்த அளவு குறைவதில்லை. தசைதான் குறைகிறது.

அப்படியானால், பேர்ணாம்பட்டிலோ குடியாத்தத்திலோ இரண்டரை கிலோவில் பிறந்து, ஒல்லியாக வளர்ந்து, பதினெட்டு வயதில் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் எட்டு கிலோ கூடிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். எடை மெஷினில் அவள் குண்டானவள் இல்லை. ஆனால் ஆசிய உடல்வாகுக்கு உடல்நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டுவதும், இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவதுமே எச்சரிக்கைதான். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. "குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது தவறு.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது அளவுகோலைப் பொறுத்தது. 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நாடு முழுவதும் எடுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. கடுமையான அளவுகோலில் ஏறத்தாழ 7 விழுக்காடு, தளர்ந்த அளவுகோலில் ஏறத்தாழ 20. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஐம்பது பெண்கள் ஏறும் கம்பெனி பஸ்ஸில் மூன்று நான்கு பேர். உலக அளவில் இந்தக் கோளாறு உள்ளவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கண்டறிய மூன்று அடையாளங்கள் உள்ளன. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது ஒன்று. ஆண்ட்ரோஜன் மிகுதி உடலிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரிவது இன்னொன்று. மூன்றாவது, ஸ்கேனில் நிறைய முட்டைப் பைகள் இருப்பது. 2023 முதல் ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனையையும் வயதுவந்தோருக்கு ஏற்றிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே வேண்டாம். தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் இதே வேடத்தில் வரும் என்பதால் அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

ஒழுங்கில்லாதது என்றால் எவ்வளவு? வயதுக்கு வந்து மூன்று வருடம் கழிந்த பெண்ணுக்கு 21 நாளுக்குள் வந்தாலோ, 35 நாளைத் தாண்டினாலோ, வருடத்தில் எட்டு முறைக்குக் குறைந்தாலோ கவனிக்கவேண்டும். வயதுக்கு வந்த முதல் வருடத்தில் முன்னேபின்னே வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் 45 நாள் வரை விட்டுக்கொடுக்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து "நீர்க்கட்டி" என்று எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை நிறைய முட்டைப் பைகள் தெரிவது ஆரோக்கியமான பெண்களிடமும் சாதாரணம். அந்த வருடங்களில் பிசிஓஎஸ் என முடிவுகட்ட ஸ்கேனைப் பயன்படுத்தக்கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரு தாளில் அச்சான சொல், ஒரு குடும்பத்தின் நிம்மதியைப் பத்து வருடத்துக்குப் பறித்துவிடும்.

"எல்லாம் பாலாத்துத் தண்ணிதான்" என்று ஊரில் பலர் சொல்வார்கள். அந்தக் கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு கெடுத்ததை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றமே தீர்ப்பாக எழுதியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்களைத் தாண்டும். குரோமியம் சினையகத்தைத் தாக்குமா என்பதையும் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சகிலா பானு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் அருள்தாஸ் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட எலி ஆய்வில், தாய்ப்பால் வழியே ஆறு இணைதிறன் குரோமியம் பெற்ற பெண் குட்டிகள் தாமதமாகப் பருவமடைந்தன. அவற்றின் முட்டைப் பைகள் குறைந்தன, டெஸ்டோஸ்டிரோன் உட்படப் பல ஹார்மோன்களும் சரிந்தன. அது வேறு வகைக் கேடு. பைகள் பெருகி டெஸ்டோஸ்டிரோன் ஏறும் பிசிஓஎஸ்ஸுக்கு நேர் எதிரான படம் அது. பாலாற்றுக்காகப் போராட வேண்டும்; ஆனால் பிசிஓஎஸ்ஸை அதன் கணக்கில் எழுதிவிட்டு ஒரு பெண் சும்மா இருந்துவிடக் கூடாது. அவள் கைக்கு எட்டும் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

அவற்றில் முதன்மையானது தசை. தசை ஓய்ந்திருக்கும்போது குளுக்கோஸை உள்ளே விட இன்சுலின் வந்து கதவைத் தட்டவேண்டும். சுருங்கி விரிந்து வேலை செய்யும்போதோ, இன்சுலினுக்குக் காத்திராமல் தசையே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடந்தால் இரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். கணையமும் அவ்வளவு இன்சுலினைக் கொட்டவேண்டியிருக்காது. நாள் முழுதும் தைப்பவளுக்கு விரலும் பாதமும் ஓடுகின்றன. தொடை, இடுப்பு என்ற பெருந்தசைகள் உறங்குகின்றன. கம்பெனி மதிய இடைவேளையில் பத்து நிமிடமும், பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிப் பத்து நிமிடமும் நடந்தால், ஒரு நாளில் இருபது நிமிடம். வாரம் 150 நிமிடம் என்ற அடிப்படை இலக்கில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். பக்கத்தில் ஆந்திராவின் அனந்தபூரில் பிசிஓஎஸ் உள்ள பதின்வயது மாணவிகளுக்குப் பன்னிரண்டு வாரம் யோகா கற்றுக்கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இன்சுலினும் மேம்பட்டன. எது பிடிக்கிறதோ அதைச் செய்யலாம். நிறுத்தாமல் செய்வதுதான் பலன் தரும்.

உணவில் அதிசயப் பட்டியல் எதுவும் இல்லை. ஆம்பூரில் வாழ்ந்துகொண்டு சீரகச் சம்பா பிரியாணியை மற என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நடக்காது. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, கறித்துண்டையும் கத்திரிக்காயையும் கூட்டினாலே பெரிய மாற்றம். இந்த மண்ணின் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை எல்லாம் பழைய நண்பர்கள். இடைவேளைக்கு இடைவேளை சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும்தான் யாரும் கணக்கில் எடுக்காத எதிரி. எடை கூடியவர்களுக்கு ஐந்து விழுக்காடு குறைவதே, 60 கிலோ என்றால் 3 கிலோ, மாதவிலக்கைத் திருப்பிக்கொண்டு வரப் பலருக்குப் போதும். தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு பஸ் பிடிக்கும் பெண்ணின் தூக்கம் சில இரவுகள் குறைந்தாலே இன்சுலினின் வேலை மந்தமாகிறது. அந்தச் சமையலில் அண்ணனுக்கும் கணவனுக்கும் பங்கு உண்டு என்பதை மருத்துவக் காரணத்தோடேயே சொல்லலாம்.

மருந்துகளில் கருத்தடை மாத்திரையைக் கண்டு வீடுகள் அஞ்சுகின்றன. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஏன் இது என்று அம்மாக்கள் சீட்டைக் கிழித்துப்போடுவதும் உண்டு. அந்த மாத்திரை மலட்டுத்தன்மை தராது. ஆண்ட்ரோஜனைக் குறைத்து, கருப்பையின் உட்சுவரைக் காக்கிறது. முட்டை வெளியேறாத மாதங்களில் உட்சுவர் தடையின்றித் தடித்துக்கொண்டே போகும். பல வருடம் அப்படியே விட்டால் புற்றுநோயாக மாறும் அபாயம் கூடும். ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருக்க விடக்கூடாது. ஆனால் மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் "வரவைக்கிற மாத்திரை" சிகிச்சை ஆகாது. ஒற்றைத் தலைவலி, இரத்த உறைவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆபத்து என்பதால் மருத்துவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். இன்சுலினுக்கு உடலைச் செவிசாய்க்க வைக்கும் மெட்ஃபார்மின் மலிவான மருந்து. குழந்தை வேண்டும்போது முதல் தேர்வு லெட்ரோசோல். அமெரிக்காவில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீனில் 19 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள். லெட்ரோசோலில் 27 விழுக்காட்டினருக்கு மேல். பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகிறார்கள். முகத்து முடி குறைய ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். மனச்சோர்வும் பதற்றமும் இந்தக் கோளாறோடு அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. அவற்றையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

பெண் மருத்துவர் இல்லாததால் பெண்கள் செத்துமடிந்ததைக் கண்டு மனம் பொறுக்காத மருத்துவர் ஐடா ஸ்கடர், 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். இன்று அதன் தொடர்ச்சியான சிஎம்சியிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூச்சப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டிய காலம் இந்த ஊரில் எப்போதோ கடந்துவிட்டது.

கருவுற்றதும் கவனம் கூடவேண்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் முயற்சியால் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாயிற்று. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நாற்பதை நெருங்கும்போது பிசிஓஎஸ் உள்ள பலருக்கு மாதவிலக்கு தானாகவே ஒழுங்காகிவிடும். தேங்கிய பைகள் வயதோடு குறைந்து, சினையகம் சமநிலைக்கு வருவதால் நடக்கும் விந்தை அது. இன்சுலின் சிக்கல் மட்டும் போவதில்லை. அதனால் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும், தவறாமல் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஷூ கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ அறையில் ஓர் இடுப்பளவு நாடாவும், எடை மெஷினும், சர்க்கரை பார்க்கும் கருவியும் வைக்கப் பெரிய செலவு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கப் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்தால் உற்பத்தி விழுந்துவிடாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கு ஈஎஸ்ஐ உரிமை உண்டு. சம்பளத்தில் பிடித்த பணத்துக்கான சிகிச்சை அது. கழுத்து கருத்திருக்கிறதா, போன வருடம் மாதவிலக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்ததா, மூன்று மாதம் தாண்டிவிட்டதா? ஈஎஸ்ஐ அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். மாதவிலக்கு வந்த தேதிகளைக் குறித்த காகிதத்தையும் கொண்டுபோங்கள். ஸ்கேனுக்கு முன் சர்க்கரைப் பரிசோதனையைக் கேளுங்கள்.